ஆவணப்படம் போட எது சரியான இடம்: மண்டபமா, தெருவா, போனா?

திரையிடலுக்கு இடம் தேடும்போது எல்லோருக்கும் முதலில் தோன்றுவது மண்டபம்தான். மின்விசிறி, நாற்காலி எல்லாம் உண்டு. மழை பயம் இல்லை. ஜன்னலைச் சாத்தினால் பகலிலேயே படம் போடலாம். முடிந்தபின் விளக்கைப் போட்டு ஒரு மணி நேரம் பேசலாம். முக்கியமாக, ஒலி தெளிவாகக் கேட்கும். ஆவணப்படத்தில் பேசுகிறவரின் குரல் காதில் விழவில்லை என்றால் பாதிப் படம் போய்விட்டது.

சிக்கல், யார் வருகிறார்கள் என்பதில். ஏற்கெனவே விஷயம் தெரிந்த அதே ஐம்பது பேர்தான். மாலை ஆறு மணிக்கு அடுப்படியில் நிற்கும் பெண்ணோ, விடியுமுன் வேலைக்குப் போக வேண்டிய தூய்மைப் பணியாளரோ அங்கே வர மாட்டார்கள்.

தெருவில் போட்டால் இவர்கள் வாசற்படியில் நின்றாவது பார்ப்பார்கள். ஆனால் உழைப்பு அதிகம். காவல் நிலைய அனுமதி வாங்க வேண்டும், தெருவிளக்கை அணைக்கச் சொல்ல வேண்டும். நன்றாக இருட்ட ஏழு மணி ஆகும். இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. நடுவில் இருக்கும் மூன்று மணி நேரத்தில் படமும் பேச்சும் முடிய வேண்டும் என்பதால் அரை மணி நேரப் படங்களே தெருவுக்குத் தோது. கையில் இருக்கும் பணத்தை ப்ரொஜெக்டரைவிட நல்ல ஸ்பீக்கருக்குச் செலவிடுங்கள். திரைக்கு வெள்ளையடித்த சுவரே போதும்.

அப்புறம், எந்தத் தெரு? ஊர்ப் பொதுமந்தையில் திரை கட்டினால் காலனி மக்கள் வந்து சமமாக உட்கார முடியுமா என்று முதலில் விசாரியுங்கள். முடியாது என்றால், சாதியைப் பற்றிய படத்தை அங்கே போட்டு என்ன பயன்? அந்த மாதிரி ஊர்களுக்கு எந்தச் சாதிக்கும் சொந்தமில்லாத பள்ளி மைதானமே நல்லது.

போனில் லிங்க் அனுப்புவது மூன்றாவது வழி. கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா, சென்னைக்கு வடக்கே எண்ணூரில் நின்று பாடிய புறம்போக்குப் பாடல் 2017இல் அப்படித்தான் பரவியது. அதே ஆண்டு, மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றிய திவ்யபாரதியின் 'கக்கூஸ்' படத்தைத் திரையிடப் பல இடங்களில் அனுமதி மறுக்கப்பட்டபோது, யூடியூப்தான் அதை மக்களிடம் சேர்த்தது. கதவுகள் அடைபடும்போது இந்த வழி அவசியம். மற்ற நேரங்களில் எனக்கு இது போதவில்லை. தனியாகப் பார்ப்பவர், பார்த்ததைப் பற்றிப் பேசப் பக்கத்தில் ஆள் இல்லாமல் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறார்.

என்னைக் கேட்டால், படம் யாருடைய கதை என்பதை வைத்தே இடத்தை முடிவு செய்வேன். எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கதையை அங்குள்ள காட்டுக்குப்பம் மீனவருக்குப் போட்டுக் காட்டுவானேன்? அவர் வலையில் தினமும் பார்ப்பதுதானே. அந்தப் படம் போக வேண்டியது அனல்மின் நிலையத்தின் மின்சாரத்தில் குளிர்சாதனம் ஓடும் நகர மண்டபத்துக்கு. மீனவர் தெருவில் தூத்துக்குடி ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டம் பற்றிய படத்தைப் போடலாம். அவர்களுக்கு அதில் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கும்.

ஆர்.பி. அமுதனின் 'பீ' 2003இல் வந்த சின்னப் படம். மதுரைத் தெருவொன்றில் மலம் அள்ளும் மாரியம்மாளைப் பின்தொடர்கிறது. அதைத் தூய்மைப் பணியாளர் குடியிருப்பில் போடுவதைவிட, அவர்கள் சுத்தம் செய்யும் தெருக்களில் போடவே நான் ஆசைப்படுவேன். குடியிருப்பிலும் போடத்தான் வேண்டும் என்றால், மனிதர் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தெரிந்த ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு போங்கள்.