காடை முட்டை: எடையைப் பார்ப்பதா, ஓட்டின் கனத்தைப் பார்ப்பதா?

ஜப்பானியக் காடையில் அடுத்த தலைமுறைக்கான பறவைகளை எதை வைத்துப் பொறுக்குவது? எடை என்றால் சுலபம். 10 முதல் 12 கிராம் இருக்கும் முட்டையைத் தராசில் வைத்தால் போதும், உடைக்க வேண்டியதில்லை. பெற்றோரிடமிருந்து குஞ்சுகளுக்கு நன்றாகவே இறங்கும் குணம் இது. எடை கூடினால் வெள்ளைக்கருவும் மஞ்சள்கருவும் சேர்ந்தே கூடும், வெள்ளைக்கருவுக்குத்தான் பெரும்பங்கு. ஆனால் ஓடு அதே வேகத்தில் தடிக்காது. முட்டை எண்ணிக்கையும் குறையப் பார்க்கும்.

ஓட்டின் கனத்தை வைத்துப் பொறுக்குவது பொறுமைசாலிகளின் வேலை. முட்டையை உடைத்து, உள்சவ்வை உரித்து, சுமார் 0.2 மில்லிமீட்டர் கனத்தை அளக்க வேண்டும். அப்புறம், தீவனத்தில் கால்சியம் குறைந்தாலே ஓடு மெலியும். குற்றம் மரபிலா, தீனியிலா என்று பிரிப்பது தலைவலி.

என் ஓட்டு எடைக்குத்தான். ஆனால் தட்டில் அடுக்கும்போதே விரிசல் விடுகிற முட்டையிடும் காடையை முதலிலேயே கழித்துவிடுவேன்.