கொப்புளம் வந்த கூரை: மாற்றுவதா, விட்டுவைப்பதா?

அமெரிக்காவில் டாலஸ் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், ஆலங்கட்டி மழை பெய்த மறுநாளே கூரை போடுகிறவர்கள் வாசல்மணியை அடிப்பார்கள். மூன்று வருஷம் முன்பு அப்படி வந்தவர் ஏணியில் ஏறிப் படம் எடுத்துவந்து, இன்சூரன்ஸிலேயே புதுக் கூரை வாங்கிவிடலாம் என்றார். இன்சூரன்ஸ் அனுப்பிய ஆளோ, இது கொப்புளம், எங்கள் கணக்கில் வராது என்று கிளம்பிவிட்டார்.

கோபம்தான் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. எங்கள் கூரை ஷிங்கிள் போட்டது, அதாவது ஃபைபர்கிளாஸ் விரிப்பில் தார் பூசி, மேலே கல்துகள் ஒட்டிய தகடுகளை அடுக்கியது. ஆலங்கட்டி அடித்தால் அந்தக் கல்துகள் உள்ளே அமுங்கும், விரலால் அழுத்தினால் மெத்தென்று இருக்கும், பக்கத்தில் காற்றுப் போக வைத்திருக்கும் வென்ட்டின் மூடியும் நசுங்கியிருக்கும். கொப்புளம் உள்ளிருந்து எழும்புவது. ஷிங்கிளில் சிக்கிய ஈரமோ வாயுவோ சூட்டில் விரிந்து தாரைத் தூக்கிவிடுகிறது. வெடித்தால் துகள் உதிர்ந்து, ஓரம் செங்குத்தான சின்னக் குழி மிஞ்சும்.

முழுக் கூரையையும் மாற்றுவது ஒரு வழி. பணம் இருந்தால் நிம்மதி, அவ்வளவுதான். கெட்டதை மட்டும் மாற்றுவது இன்னொன்று. புதுசின் நிறம் பழசோடு ஒட்டாது. வெயில் ஏறிய பிறகு கைவைத்தால் ஒட்டுப்பசை இளகி, மேல்வரிசை ஷிங்கிளும் சேர்ந்து கிழியும். காலையிலேயே முடித்துவிட வேண்டும்.

நான் பெரும்பாலானவற்றைத் தொடவே இல்லை. வெடிக்காத கொப்புளத்தைக் குத்திவிடக் கூடாது, குத்தினால் தார் வெயிலுக்குத் திறந்துவிடும். அடியில் ஃபைபர்கிளாஸ் தெரிந்த ஒன்பதை மட்டும் மாற்றச் சொன்னேன். மிச்சப் பணமும் உழைப்பும் கூரைக்குக் கீழே, அறைகளுக்கு மேலே இருக்கும் அட்டிக்குக்குப் போயின.

என் முடிவுக்குக் காரணமே அந்த அட்டிக்தான். ஒரு ஜனவரிக் காலையில் டார்ச்சை அணைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். இறவாரத்து அடியில் காற்று நுழைய விட்டிருக்கும் சாஃபிட் துளைகள் வழியே வெளிச்சம் கோடுகோடாக வந்திருக்க வேண்டும். கும்மிருட்டு. இன்சுலேஷன் பஞ்சு துளைகளை மூடிக் குவிந்திருந்தது. கீழும் மேலும் சரிசமமாகத் துளை இருந்தால் 300 சதுர அடிக்கு 1 சதுர அடி திறப்பு என்பது பொதுவான கணக்கு. 1,800 சதுர அடிக்கு 6 வேண்டும். கீழே எனக்குக் கிட்டத்தட்ட பூஜ்யம். காற்று நுழையாமல் சூடு தேங்கும் இந்த அடுப்பின் மேல் புது ஷிங்கிள் போட்டு என்ன பயன்? காற்றோட்டம் போதவில்லை என்றால் வாரன்ட்டியிலும் கைவிரிப்பார்கள். இரண்டு வாரக் கடைசி, கையெல்லாம் அரிப்பு, பஞ்சைத் தள்ளி, அது மறுபடி துளைகளை மூடாதபடி தெர்மாகோல் தடுப்புகளை அடித்து முடித்தேன்.

மேலே கொளுத்தும் வெயிலை இது தடுக்காது, வந்த கொப்புளத்தையும் ஆற்றாது. மழைநீர்க் குழாயின் அடியில் சேரும் துகள் மட்டும் முன்னைவிடக் குறைவு. என் அனுபவம் மூன்று கோடைக்காலம்தான், ஒரே வீடுதான். வீட்டை இந்த வருஷமே விற்பதாக இருந்தால் மாற்றித்தான் இருப்பேன். வாங்க வருகிறவரின் இன்ஸ்பெக்டர் குழிகளைப் படம் எடுத்துவிட்டால், அப்புறம் பேரம் அங்கேதான் தொடங்கும்.