71 டிகிரி என்று காட்டி என் அரை மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டார்கள்: மடிக்கணினியைக் குளிர்விக்கக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

இதைக் கைபேசியில்தான் தட்டச்சு செய்கிறேன், ஏனென்றால் என் மடிக்கணினி பின்மூடி கழற்றப்பட்டு மேசைமேல் கவிழ்ந்து கிடக்கிறது. கேம் விளையாடும்போது புராசஸர் கொதிக்கிறது என்று ஒரு பழுதுபார்ப்புக் கடையில் கொடுத்து, மாதச் சம்பளத்தில் சரிபாதியைக் கட்டிவிட்டு வந்தேன். அந்தப் பணத்துக்கு உள்ளே ஒரு வேலையும் நடக்கவில்லை என்பதை இன்று காலையில்தான் கண்ணால் பார்த்தேன். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. இணையத்தில் முன்பதிவு வாங்கிக்கொண்டு, கேமிங் மடிக்கணினிக்கு என்றே தனித் தேர்ச்சி உண்டு என்று விளம்பரம் செய்யும் வகைக் கடை என்று சொன்னால் போதும். வீட்டிலேயே வெப்பத்தைக் குறைக்க என்ன செய்யலாம் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

என்னுடையது இன்டெல் கோர் ஐ7-9750எச் புராசஸர் கொண்ட மடிக்கணினி. 6 கோர்கள், அடிப்படை வேகம் 2.6 கிகாஹெர்ட்ஸ், தேவைப்படும்போது வேகத்தைத் தானாகக் கூட்டும் டர்போவில் அதிகபட்சம் 4.5 கிகாஹெர்ட்ஸ், வெப்ப வரம்பு 100 டிகிரி செல்சியஸ். அந்த வரம்பைத் தொட்டால் புராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சில மாதங்களாகவே கேம் தொடங்கிய பத்தே நிமிடத்தில் 96, 98 என்று ஏறி, சண்டை சூடுபிடிக்கும் நேரம் பார்த்துத் திரை திக்கித் திக்கி நின்றது. ஃபேன் இரண்டும் முழு வேகத்தில் இரைந்தாலும் பக்கவாட்டுத் துளைகளில் வந்த காற்று மிகவும் மெலிதாகவே இருந்தது. அந்த அறிகுறியை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

கடையில் இருந்தவர் பேசிய விதம்தான் என்னை நம்பவைத்தது. புராசஸரின் சூட்டை அதன்மேல் இருக்கும் உலோகத்துக்குக் கடத்தும் பேஸ்ட் காய்ந்துபோயிருக்கும் என்றார். அது உண்மையாக இருக்கக்கூடிய விஷயம். சாதாரண பேஸ்டுக்குப் பதிலாக லிக்விட் மெட்டல் பூசினால் வெப்பம் பல மடங்கு வேகமாகக் கடத்தப்படும் என்றார். அது காலியம் கலந்த உலோகக் கலவை என்றும், மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் கொஞ்சம் வழிந்தாலும் போர்டு போய்விடும் என்றும், அலுமினியத்தில் பட்டால் அரித்துவிடும் என்றும், அதனால் கைப்பழக்கம் உள்ளவர்கள்தான் செய்ய வேண்டும் என்றும் விளக்கினார். இவை எல்லாமே சரியான தகவல்கள். ஆபத்தைத் தானாகவே எடுத்துச் சொல்கிறவர் ஏமாற்றமாட்டார் என்று நான் எண்ணிக்கொண்டேன். தூசி நீக்குதல், லிக்விட் மெட்டல் பூசுதல், புராசஸருக்குச் செல்லும் மின்னழுத்தத்தைக் குறைக்கும் அண்டர்வோல்ட் ஆகிய மூன்றும் சேர்த்து அரை மாதச் சம்பளம். ஒப்புக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து வாங்கப் போனபோது, நான் கேட்காமலேயே அவர் என் கண்ணெதிரில் கேமை ஓடவிட்டார். திரையின் மூலையில் பச்சை எழுத்தில் வெப்பநிலை ஓடிக்கொண்டிருந்தது: 68, 70, 71. பத்து நிமிடம் ஆகியும் 71-ஐத் தாண்டவில்லை. பல மாதங்களாக 98-ஐப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று மடிக்கணினியில் விளையாடுகிறவர்களுக்குத் தெரியும். நன்றி சொல்லி, பணத்தைக் கட்டினேன். அந்த மூலையில் வெப்பநிலை மட்டும்தான் இருந்தது. புராசஸரின் வேகமும் அது இழுக்கும் மின்திறனைச் சொல்லும் வாட்டும் அங்கே இல்லை என்பது அந்த நிமிடத்தில் எனக்கு உறைக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து விளையாடியபோது வெப்பம் இல்லை, ஆனால் கேமும் ஓடவில்லை. முன்பு நொடிக்கு 110 ஃபிரேம் வந்த இடத்தில் 65-ஐத் தாண்ட மறுத்தது. வெப்பம், வேகம் எல்லாவற்றையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து பார்த்தால் 6 கோர்களும் 2.6 கிகாஹெர்ட்ஸிலேயே அசையாமல் நிற்கின்றன. விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில், புராசஸரின் உச்ச நிலை என்ற இடத்தில் 100 விழுக்காட்டுக்குப் பதிலாக 99 என்று போட்டு வைத்திருந்தார்கள். அந்த ஒரு விழுக்காட்டைக் குறைத்தால் டர்போ முற்றிலுமாக நின்றுவிடும். டர்போ நின்றால் வாட் குறையும். வாட் குறைந்தால் எந்தப் புராசஸரும் குளிரத்தான் செய்யும். யாரும் அரை நிமிடத்தில் மாற்றக்கூடிய ஓர் அமைப்பு அது. அதற்குத்தான் நான் அரை மாதச் சம்பளம் கொடுத்திருக்கிறேன். மீண்டும் 100 என்று மாற்றி ஓட்டினேன். எட்டாவது நிமிடத்தில் 97 டிகிரி.

உடனே தொலைபேசியில் அழைத்தேன். “மெட்டல் செட்டாக 24 மணி நேரம் ஆகும் சார், நாளைக்குப் பாருங்க” என்றார்கள். லிக்விட் மெட்டல் திரவமாக இருந்தபடியே வேலை செய்வது, அது இறுகிச் செட்டாகக் காத்திருக்க வேண்டியதில்லை. மறுநாள் அழைத்தபோது கேமின் அப்டேட்தான் காரணம் என்றார்கள். அதன்பின் நான் அனுப்பிய படங்கள் பார்க்கப்பட்டதற்கான அடையாளம் வந்ததே தவிர, பதில் வரவில்லை. நேற்று மாலை நேரில் போய் நின்றேன். வேலை பார்த்தவர் விடுப்பில் இருக்கிறார் என்று முக்கால் மணி நேரம் உட்காரவைத்தார்கள். பிறகு பொறுப்பாளர் வந்து, 99 விழுக்காட்டு அமைப்பை நான் காட்டியதும், முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல், “சூடு குறைஞ்சுதா இல்லையா சார்? நீங்க அதைத்தானே கேட்டீங்க?” என்றார். அந்தக் கேள்வி இன்னும் காதிலேயே நிற்கிறது. ரசீதை எடுத்து நீட்டினேன். அதில் ‘பொதுப் பராமரிப்பு’ என்று இரண்டு சொல் மட்டுமே எழுதியிருந்தது என்பதை அவர் விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் நானும் ஒழுங்காகப் படித்தேன். லிக்விட் மெட்டல் என்றோ அண்டர்வோல்ட் என்றோ ஒரு வார்த்தை கிடையாது.

ஆகவே இன்று காலையில் நானே திறந்தேன். ஃபேனுக்கும், புராசஸரின் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்கின் செப்புத் தகடுகளுக்கும் இடையில் தூசி கம்பளித் துணி போலப் படிந்து, நகத்தால் இழுத்தால் ஒரே பட்டையாக உரிந்து வந்தது. வெளியிலிருந்து தெரியும் துளைகளை மட்டும் துடைத்துவிட்டிருக்கிறார்கள். ஹீட்சிங்கைக் கழற்றியபோது புராசஸரின் சில்லு மேல் சாம்பல் நிறப் பழைய பேஸ்ட் சுண்ணாம்பு போல வெடித்து, நடுப்பகுதி ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. காலியம் கலந்த கலவை ஒருமுறை பட்டால் செம்பில் வெள்ளி நிறக் கறை ஏறிவிடும், துடைத்தாலும் முழுதாகப் போகாது. என் ஹீட்சிங்கின் செம்பில் அப்படி ஒரு புள்ளிகூட இல்லை. அந்தத் திருகுகளை யாரும் தொட்டதற்கான கீறலும் இல்லை.

அண்டர்வோல்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மின்னழுத்தத்தை மாற்றித் தாக்க வழிவிடும் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறைபாடு 2019 டிசம்பரில் வெளியானபின், இன்டெல் புராசஸர் கொண்ட பல மடிக்கணினிகளில் பயாஸ் (கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் வழியாக மின்னழுத்தத்தை மாற்றும் வசதி பூட்டப்பட்டது. திறக்கும் முன் நேற்றிரவே, மின்னழுத்த அமைப்பைக் காட்டும் த்ராட்டில்ஸ்டாப் மென்பொருளில் பார்த்தேன். என்னுடையதிலும் பூட்டித்தான் இருக்கிறது. பூட்டு பூட்டியபடியே இருக்க, அண்டர்வோல்ட் செய்தோம் என்று அரை மாதச் சம்பளக் கணக்கில் அதையும் சேர்த்திருக்கிறார்கள்.

வீட்டு வழிகளை விரிவாக எழுதலாம் என்றுதான் தொடங்கினேன், ஆனால் கை இன்னும் நடுங்குகிறது. அவசரமானவற்றை மட்டும் சொல்கிறேன். கடையில் கொடுக்கும் முன்பு, அதே கேம், அதே கிராஃபிக்ஸ் அமைப்பு, அதே அறையில் கால் மணி நேரம் ஓட்டி, வெப்பநிலை, கிகாஹெர்ட்ஸ், வாட், ஃபிரேம் நான்கையும் ஒரே படத்தில் எடுத்து வையுங்கள். திரும்ப வாங்கும்போது அந்த நான்கையும் காட்டச் சொல்லுங்கள். வெப்பநிலையை மட்டும் காட்டினால் பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள். என்ன பேஸ்ட், எங்கே பூசுகிறார்கள் என்பது ரசீதில் எழுதப்பட வேண்டும். ஹீட்சிங்கைக் கழற்றும்போது பக்கத்தில் நிற்க விடாத கடையில் கொடுக்காதீர்கள். பெரும்பாலான மடிக்கணினிகளுக்கு லிக்விட் மெட்டல் தேவையே இல்லை. தூசியை எடுத்து, நல்ல பேஸ்டைப் புதிதாக வைத்து, பின்பக்கத்தைக் காற்று போகும்படி சற்றே உயர்த்தி, ஃபிரேமை 60-க்குக் கட்டுப்படுத்தினாலே பெருமளவு வித்தியாசம் தெரியும். டர்போவை நிறுத்துவதும் ஒரு வழிதான், ஆனால் அதை நீங்களே தெரிந்து செய்தால் செலவு ஒன்றும் இல்லை.

தூசிப் பட்டையையும் செம்பையும் வெடித்த பேஸ்டையும் படம் எடுத்துவிட்டேன். புதுப் பேஸ்ட் வந்ததும் நானே வைத்து மூடப்போகிறேன். நாளை காலை கடை திறக்கும் நேரத்துக்கு அந்தப் படங்களோடும் ரசீதோடும் அங்கே நிற்பேன். அரை மாதச் சம்பளத்தைத் திருப்பித் தரும்வரை போவேன்.