கரடிக் காட்டில் ரிவால்வர்: உறை இடுப்பிலா, மார்பிலா?

அலாஸ்காவில் சால்மன் பிடிக்கப் போகிறவர்கள் பலர் கரடிக்குப் பயந்து .44 மேக்னம் என்னும் பெரிய தோட்டா போடும் ரிவால்வர் எடுத்துப் போவார்கள். 4 அங்குலக் குழல் என்றாலும் 1.2 கிலோ வரும். அந்தக் கனத்தை எங்கே தொங்கவிடுவது?

விலை
இடுப்பு உறை: மலிவு. ஆனால் ஒன்றரை அங்குல அகலத்தில் இரட்டைத் தோல் பெல்ட் வேண்டும். சாதா பெல்ட் முறுக்கிக்கொண்டு சரியும்.
மார்பு உறை: வார்கள் சேர்வதால் விலை கூடும்.

எடுக்கும் வசதி
இடுப்பு: வெறுங்கையோடு நடந்தால் சுகம். முதுகுப்பையின் இடுப்புப் பட்டை பூட்டியதும் பிடி அதனடியில் மாட்டிக்கொள்ளும்.
மார்பு: பையோ மீன்பிடி உடையோ மறிக்காது, உட்கார்ந்தபடியும் எடுக்கலாம். குழல் இடப்பக்கம் பார்த்திருப்பதால், எடுக்கும்போது இடக்கை குறுக்கே வராமல் வெற்றுத் துப்பாக்கியில் பழக வேண்டும்.

நீடித்து உழைப்பது
இடுப்பு: ஆற்றில் இறங்கினால் நனையும். ஊறிய தோல் தளர்ந்து வாய் மடங்கும், துப்பாக்கி துருப்பிடிக்கும். நெருப்பருகே காயவைத்தால் சுருங்கி வெடிக்கும், நிழலே போதும்.
மார்பு: தண்ணீருக்கு மேலே. வியர்வைதான் எதிரி.

எதுவானாலும் தோல் 3 மி.மீ.க்குக் குறையாமல், விசைக் காப்பை (விசையைச் சுற்றிய வளையம்) முழுதும் மூடி, அழுத்துப் பட்டன் வாரோடு இருக்கட்டும். வீட்டில் துப்பாக்கியை உறையிலேயே வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஆறு, படகு, கனமான முதுகுப்பை என்றால் மார்பு உறை. பையில்லாமல் உலர்ந்த காட்டில் திரிபவருக்கு இடுப்பே போதும்.