ஸ்கிராட்ச்சா, ஆப் இன்வென்டரா, பைத்தானா?

எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பெண்களுக்கு மாலையில் கணினி சொல்லிக்கொடுக்கலாம் என்று இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "எதில் ஆரம்பிக்கலாம்?" என்றுதான். ஸ்கிராட்ச், ஆப் இன்வென்டர், பைத்தான் என்று கணினிக்கு நிரல் எழுதப் பழக்கும் மூன்றையும் எங்கள் மையத்தில் எடுத்துப் பார்த்துவிட்டேன். மூன்றுமே இலவசம் என்பதால் விலையை வைத்து முடிவெடுக்க வழியில்லை. வீட்டில் போன் யார் கையில் இருக்கிறது, யார் யார் ஆறு மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்பதுதான் முடிவு செய்கிறது.

ஸ்கிராட்ச், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் மீடியா லேப் 2007இல் வெளியிட்டது. இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் வேண்டாம், கணக்கு வேண்டாம். கட்டளை எழுதிய கட்டங்களை இழுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டினால் திரையில் இருக்கும் பூனை பத்து அடி எடுத்து வைக்கும். கணினியைத் தொட்டே பார்க்காத பிள்ளைக்கு மவுஸ் பயம் தெளிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஒரே சிக்கல் வயது. பதினான்கு வயதுப் பெண் மூன்றாவது வாரம் "இது சின்னப் பிள்ளைங்க விளையாட்டு, அக்கா" என்று சொல்லிவிடுவாள். சொல்லவும் சொன்னாள்.

ஆப் இன்வென்டரும் கட்டங்களை ஒட்டுகிற வகைதான். கூகுளில் 2010இல் பிறந்து பிறகு எம்.ஐ.டி.க்குப் போனது. ஆனால் இங்கே செய்தது போனில் ஓடும். அந்த ஒரு வித்தியாசம் வகுப்பையே மாற்றிவிடுகிறது. தமிழர்கள் நிறைந்த மும்பை தாராவியில், 'தாராவி டைரி' அமைப்பில் படித்த பெண்கள் இதை வைத்துத்தான் செயலிகள் செய்தார்கள். ஒன்று, பொதுக்குழாயில் தண்ணீர் பிடிக்க நம் முறை வந்ததும் தகவல் சொல்வது. இன்னொன்று, ஆபத்தில் இருக்கும் பெண் உடனே உதவிக்கு அழைப்பதற்கு. இந்தக் கதையைச் சொன்ன அன்றே எங்கள் பெண் ஒருத்தி பொத்தான் ஒன்றை வைத்து, அதை அழுத்தினால் "அம்மா, தண்ணி வந்துருச்சு" என்று போன் பேசும்படி செய்துவிட்டாள். அரை மணி நேர வேலைதான். அன்று எல்லாருமாக அந்தப் பொத்தானை எத்தனை முறை அழுத்தியிருப்பார்கள் என்று கணக்கே இல்லை.

தொல்லையும் இதில்தான் அதிகம். இணையம் இல்லாமல் நடக்காது. கணினியும் போனும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். என் போன் ஹாட்ஸ்பாட்தான் எங்களுக்கு வைஃபை. அதைவிடப் பெரிய தலைவலி, உள்ளே நுழையக் கேட்கும் ஜிமெயில் கணக்கு. கணக்கு தொடங்க போன் எண் கேட்கும், ஓ.டி.பி. அண்ணன் போனுக்குப் போகும். "எதுக்கு ஓ.டி.பி. வருது?" என்று வீட்டில் ஆரம்பித்த விசாரணையில் இரண்டு பேர் ஒரு வாரம் வகுப்புக்கே வரவில்லை. கணக்கே இல்லாமல் ஒரு குறியீட்டை வைத்து உள்ளே போகும் வழி இருப்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. இப்போது ஒவ்வொருத்தியும் தன் குறியீட்டை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.

பைத்தான் பக்கம் பெற்றோருக்குத்தான் ஆசை. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் இருக்கிறதே, இப்போதே படித்தால் நல்லதுதானே என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் இதில் ஒட்டக் கட்டங்கள் கிடையாது, கட்டளைகளை அடிக்க வேண்டும். ஆங்கில விசைப்பலகையில் எழுத்தைத் தேடித் தேடி அடிக்கிற பிள்ளைக்கு, வரித் தொடக்கத்தில் ஒரு இடைவெளி கூடிப்போனதற்காகச் சிவப்பில் பிழை வந்தால் மனசு விட்டுப்போகும். ஒரே ஆறுதல், மாறிகளுக்கு, அதாவது ஒரு மதிப்பைப் போட்டு வைக்கிற இடங்களுக்கு, தமிழில் பெயர் வைக்கலாம். 'வயது = 14' என்று அடித்து, அதைக் கணினி ஏற்றுக்கொண்டபோது வகுப்பே கைதட்டியது.

சரி, என் கணக்கு இதுதான்: ஸ்கிராட்ச் இரண்டே வாரம், மவுஸ் பழக மட்டும். மிச்ச நாளெல்லாம் ஆப் இன்வென்டர். பைத்தான், பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த விடுமுறையில், கணினி அறிவியல் எடுக்கப்போகிறவர்களுக்கு மட்டும். எதை எடுத்தாலும் ஒரு மவுஸுக்கு இரண்டு பேருக்கு மேல் உட்கார வைக்காதீர்கள். மூன்றாவது பிள்ளை வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விடும்.

செலவு என்று நாங்கள் செய்தது ஒன்றுதான்: மையத்துக்கென்று பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று வாங்கினோம். திரையில் ஓரமாக ஒரு விரிசல். பீரோவில் வைத்துப் பூட்டுகிறோம். சாவி வாரத்துக்கு ஒரு பெண்ணிடம்.