முதலமைச்சர் நாற்காலிச் சீட்டுக்கட்டு: 28 வெள்ளிக்கு வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் உறையைப் பிரித்ததும் விளையாட உட்காராதீர்கள். முதலில் ஒரு பேனா எடுத்து இரண்டு சீட்டுகளைத் திருத்த வேண்டியிருக்கிறது.

சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பக்கம் சின்னக் கடையொன்றில் விற்கிறார்கள். எம்ஜிஆர் மறைந்த 24 டிசம்பர் 1987 தொடங்கி எடப்பாடி பழனிசாமி வரை தமிழ்நாட்டு முதல்வர் பதவி கைமாறிய வரலாறு 44 சீட்டுகளில் இருக்கிறது. பதவியேற்பு 15, பதவி போன விதம் 15, கட்சிச் சின்னங்கள் 12, குடியரசுத் தலைவர் ஆட்சி (மாநில அரசு இல்லாமல் மத்திய அரசே ஆளும் காலம்) 2. ஆளுக்கு ஆறு சீட்டு. ஒருவர் பதவியேற்புச் சீட்டைக் காலவரிசையில் சரியான இடத்தில் வைக்க வேண்டும். அது எப்படி முடிந்தது என்ற சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவர் அதன் கீழே போடலாம். தப்பினால் கட்டிலிருந்து ஒன்று எடுக்க வேண்டும். அவ்வளவுதான் விதி.

கட்டின் உயிர் அந்த இரண்டாவது 15 சீட்டுகள். தேர்தலில் முடிந்தால் நீலம், நீதிமன்றத்தால் என்றால் சிவப்பு, ஆட்சிக் கலைப்பு கறுப்பு, மரணம் வெள்ளை, கட்சிக்குள் மாற்றம் மஞ்சள். எண்ணிப் பாருங்கள்: நீலம் வெறும் 6. மஞ்சள் 4, சிவப்பு 2, கறுப்பு 2, வெள்ளை 1. 1959 முதல் நான்கே பிரதமர்களைக் கண்ட ஊரில் வளரும் பிள்ளைகளுக்கு இந்த நிறக் கணக்கு ஒன்றே போதும். எம்ஜிஆருக்குப் பின் நெடுஞ்செழியன் இரண்டு வாரம், ஜானகி அம்மாள் 7 ஜனவரி 1988 முதல் 30 ஜனவரி வரை, பிறகு குடியரசுத் தலைவர் ஆட்சி. மஞ்சள், கறுப்பு என்று அடுத்தடுத்து விழும்போது மேசையில் சத்தம் கூடத்தான் செய்யும்.

எல்லாரும் தடுக்கி விழும் இடம் மே 23. ஜெயலலிதா 2015லும் அதே தேதி, 2016லும் அதே தேதி பதவியேற்றார். முதலாவது, சொத்துக் குவிப்பு வழக்கிலிருந்து கர்நாடக உயர்நீதிமன்றம் 11 மே 2015 அன்று விடுவித்த பிறகு. இரண்டாவது, தேர்தலில் வென்ற பிறகு. இரண்டு சீட்டிலும் ஒரே படம். ஆண்டு மட்டும் மூலையில் பொடி எழுத்தில். கருணாநிதிக்கும் 13 மே 1996, 13 மே 2006 என்று இதே சிக்கல் உண்டு. வாங்கியதும் ஆண்டைப் பெரிதாக எழுதிவிடுங்கள்.

இனி திருத்தங்கள். முதலாவது, ஜெயலலிதா பதவி இழந்த 21 செப்டம்பர் 2001க்கான சிவப்புச் சீட்டு. 'டான்சி வழக்கில் தண்டனை, பதவி போனது' என்று அச்சிட்டிருக்கிறார்கள். தவறு. அரசு நிறுவனமான டான்சியின் நிலத்தை வாங்கிய அந்த வழக்கில் தண்டனை வந்தது அக்டோபர் 2000இல், தேர்தலுக்கும் முன்பு. அதனால்தான் அவருடைய வேட்புமனுக்கள் தள்ளுபடியாயின. கட்சி வென்றது; சட்டமன்ற உறுப்பினராக இல்லாமலே ஆறு மாதம் பதவியில் இருக்கலாம் என்ற அரசியலமைப்பு விதியைப் பிடித்துக்கொண்டு, 14 மே 2001 அன்று ஆளுநர் பாத்திமா பீவி பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். அந்த ஆறு மாதச் சலுகை உறுப்பினராகத் தகுதி உள்ளவருக்கு மட்டுமே என்றது உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு. ஆக, செல்லாமல் போனது நியமனம். சீட்டில் 'நியமனம் செல்லாது' என்று எழுதுங்கள்.

2014 சீட்டு அப்படியல்ல. 27 செப்டம்பர் அன்று சொத்துக் குவிப்பு வழக்கில் ஜெயலலிதாவுக்கு பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் நான்காண்டுச் சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்த கையோடு உறுப்பினர் தகுதி போனது, அதோடு பதவியும். தண்டனை பெற்ற உறுப்பினர் உடனே பதவி இழக்காதபடி மேல்முறையீட்டுக்காக இருந்த மூன்று மாதப் பாதுகாப்பை உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையிலேயே நீக்கிவிட்டிருந்தது. இரண்டும் ஒரே சிவப்பில் இருப்பதால் ஒரே சங்கதி என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். கூட இருக்கும் பெரியவர் வாயால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது திருத்தம் தொப்பிச் சீட்டில். அதிமுகவிலிருந்து பிரிந்த டிடிவி தினகரன் சென்னை ஆர்.கே. நகர் தொகுதியில் தொப்பிச் சின்னத்தில் வென்றதாகப் போட்டிருக்கிறது. தொப்பி கிடைத்தது 2017 ஏப்ரல் இடைத்தேர்தலுக்கு. பணப் பட்டுவாடா புகாரில் அந்தத் தேர்தலே ரத்தானது. டிசம்பரில் அவர் வென்றது குக்கரில். மற்றபடி சின்னச் சீட்டுகள் நன்றாகவே இருக்கின்றன. 1989 தேர்தலில், எம்ஜிஆருக்குப் பின் அதிமுக இரண்டாகி அதன் இரட்டை இலைச் சின்னம் முடங்கியதும் ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப்புறா. சேவல் 27 இடம் பிடித்தது. ஆண்டிப்பட்டியில் ஜானகி அம்மாளே தோற்றார். அணிகள் சேர்ந்த பிறகு இலை திரும்பி வந்தது. 2017இலும் அதே கதை: முடக்கம், இணைப்பு, மீட்பு.

ஓ. பன்னீர்செல்வத்தின் மூன்று மஞ்சள் சீட்டுகளிலும் 'ராஜினாமா' என்ற ஒரே சொல்தான். 2002இலும் 2015இலும் ஜெயலலிதா திரும்பி வருவதற்காக அவர் நாற்காலியை விட்டார். 2017 பிப்ரவரியில் ராஜினாமா கடிதம் கொடுத்த இரண்டாம் நாள் மெரினாவில் ஜெயலலிதா நினைவிடத்தில் தியானம் செய்துவிட்டு, கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றார். அதிலிருந்து பதினோராம் நாள், 18 பிப்ரவரி அன்று, பழனிசாமி 122க்கு 11 என்று நம்பிக்கை வாக்கு பெற்றார். விட்டுக்கொடுத்ததையும் மல்லுக்கட்டியதையும் ஒரே சொல்லில் அடக்கியது சோம்பல்.

அட்டை கனமானதுதான், ஆனால் மேலே பூச்சு இல்லை. நம்மூர்ப் புழுக்கத்தில் இரண்டே வாரத்தில் ஓரம் சுருள்கிறது. 63க்கு 88 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் உறைகள் கச்சிதமாகப் பொருந்தும். பெட்டியில் 30 நிமிடம் என்று போட்டிருந்தாலும் நான்கு பேருக்கு 50 நிமிடம் பிடிக்கிறது. 10 வயது முதல் என்பதும் கொஞ்சம் ஆசைதான். உயர்நிலை 2க்குக் (ஏறக்குறைய 14 வயது) கீழே எடுபடாது. முதல் ஆட்டத்தில் சின்னச் சீட்டுகளை எடுத்து வைத்துவிட்டு, 32 சீட்டோடு, ஆளுக்கு ஐந்தாகக் கொடுத்துத் தொடங்குங்கள்.