கோத்தகிரி மழைக்கு ரெயின்கோட்டா, போன்ச்சோவா?

ஐப்பசியில் கோத்தகிரிப் பக்கம் நடக்கப் போனால் ஒரே காலையில் எல்லாமே வரும். ஊர் நீலகிரியின் கிழக்குப் பக்கம் இருப்பதால் வடகிழக்குப் பருவமழையை நன்றாகவே வாங்கும். வெயில், மூடுபனி, கால் மணி நேரத் தூறல், மறுபடி வெயில். இதற்காகத்தான் 850 ரூபாய்க்கு ஒரு நைலான் போன்ச்சோ வாங்கினேன். தலைவழியாகப் போட்டால் முதுகுப்பையையும் சேர்த்து மூடிவிடும்; பக்கவாட்டில் பிரஸ் பட்டன்.

முதலில் லாங்வுட் சோலையில் போட்டுப் பார்த்தேன். சுமார் 116 ஹெக்டேர்தான், ஆனால் சுற்றியுள்ள ஊர்களுக்குத் தண்ணீர் தரும் காடு. 2024-ல் ராம்சர் பட்டியலிலும் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்துவிட்டது. வனத்துறை வழிகாட்டியோடுதான் போனோம். சோலைக்குள் ஒரு விஷயம்: மழை நின்ற பிறகும் இலைகளிலிருந்து வெகுநேரம் சொட்டிக்கொண்டே இருக்கும். குடை கிளைகளில் மாட்டும். போன்ச்சோ அங்கே அருமை.

பழைய பிவிசி (பிளாஸ்டிக்) ரெயின்கோட்டில் எனக்கு இருந்த பிரச்சினை மழையே அல்ல, வியர்வை. ஏற்றத்தில் உடம்பு சூடாகும், அந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்பக்கமே நீராகப் படியும். அப்புறம் நின்றால் குளிர் பிடிக்கும். போன்ச்சோ பக்கவாட்டில் திறந்திருப்பதால் காற்று உள்ளே வந்து போகிறது. வெயில் வந்தால் பையைக் கழற்றாமலே உருவி எடுத்துவிடலாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறும் வானத்துக்கு, சொட்டு நீர்கூட உள்ளே வராது என்பதைவிட இந்தச் சுலபம்தான் முக்கியம் என்பேன்.

கோடநாடு காட்சிமுனையில் கதை வேறு. கீழே மாயாறும் தெங்குமரஹாடா கிராமமும் தெரியும் திறந்த விளிம்பு அது. அங்கே அடித்த காற்றில் முன்பக்கம் முகத்துக்கே ஏறிவிட்டது. இடுப்பில் ஒரு கயிறு கட்டினால் அடங்குகிறது, ஆனால் தொடைக்குக் கீழே நனைவதைத் தடுக்க முடியாது. எந்தக் கம்பியையாவது பிடித்தால் முன்கையும் நனையும். காற்று பலமாக அடிக்கும் முகடுகளுக்கு நல்ல ஜாக்கெட்டே சரி.

போன்ச்சோவோடு வரும் தலைமூடி (ஹூட்) பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அதன் சரசரப்பில் வேறு எதுவும் காதில் விழாது, பக்கவாட்டுப் பார்வையும் மறைகிறது. கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களில் காட்டெருமை சர்வசாதாரணம். மூடுபனியில் கண்ணுக்கு முந்திக் காதுதான் எச்சரிக்கும். நான் தலைமூடியை இறக்கிவிட்டு, விளிம்பு வைத்த தொப்பியோடுதான் நடக்கிறேன். தலை கொஞ்சம் நனைந்தால் நனையட்டும். அட்டைப்பூச்சி கடிக்காமல் இருக்கப் போன்ச்சோ எந்த உதவியும் செய்யாது, அதற்கு அட்டை சாக்ஸ் தனியாக வேண்டும்.

வாங்கும்போது பையை மாட்டிக்கொண்டே போட்டுப் பாருங்கள். பின்பக்கம் முழங்கால் வரை வராவிட்டால் வேண்டாம். தையல்களின் உள்பக்கம் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் தோள்பட்டை வழியே கசியும். வீட்டுக்கு வந்ததும் நிழலில் விரித்துக் காயவிடுங்கள். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும், உள்பூச்சும் நாளடைவில் உரிந்துவிடும்.